ஏல எண் நாற்பத்தொன்று

எங்கள் ஊர் ஆண்களுக்குக் கோபம் வந்தால்
பீடத்தில் இருப்பதையெல்லாம் வாய்க்கு இழுப்பார்கள்.
லாரி கிளம்பாவிட்டால் நற்கருணைப் பேழை,
சுத்தியல் விரலில் விழுந்தால் இரசக்கிண்ணம்,
ஹாக்கியில் தோற்றால் ஓஸ்தி.
கியூபெக்கில் இவைதான் கெட்ட வார்த்தை.
காகித ஆலையில் முப்பத்தொரு வருஷம்
ஒரு பூசைக்கு வேண்டிய சாமான் அத்தனையும்
அப்பா நாக்கிலேயே வைத்திருந்தார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஜெர்வே
திருப்பண்ட அறையைப் பற்றி
அரை வாக்கியம் சொன்னான்.
அப்பாவிடமிருந்து ஒரு கிண்ணம்கூட விழவில்லை.
"சூப் ஆறுது," என்றார்.
அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள்,
அவன் கேட்காமலே.
மஞ்சள் பட்டாணி சூப்.
மிதந்த கொழுப்பைத் தள்ளித் தள்ளி
நான் கரையொதுக்கிக்கொண்டிருந்தேன்.
எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஒன்பது.

எனக்குத் தெரியும்.
அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு சொன்னால் ஒளித்ததாகிவிடும்.

வியாழன்தோறும் இரண்டு மணிக்கு
சிஸ்டர் மரி-லுட்ஜே வந்து
பையன்கள் வகுப்பின் கதவைத் தட்டுவாள்.
கையைப் பிடிக்கமாட்டாள்.
சட்டைக்கையின் நுனியை மட்டும் இரண்டு விரலால்,
ஈரத்துணியைத் தூக்குவதுபோல.
அவனைச் சாமியாரிடம் விட்டுத் திரும்பும்போது
ஜெபமாலை மணிகள் மோதும் சத்தம்
நடை முழுக்கக் கேட்கும்.
(சாமியார் பெயரை எழுத வந்து கை நிற்கிறது.
பழக்கம்.)

தம்பி ஏன் அழுகிறான் என்று
ஒரே ஒரு தடவை கேட்டேன்.
நிலக்கரி அறையில் சாயங்காலம்வரை பூட்டி வைத்தாள்.
வெளியே விட்டபோது என் முகத்தை அவளே துடைத்தாள்,
கைக்குட்டையில் எச்சில் தொட்டு,
அம்மாக்கள் செய்வதுபோல.
அந்த எச்சில் வாசனைக்குப் பிறகு
நான் எதையும் கேட்கவில்லை.

போன பிப்ரவரியில் கோயிலை விற்றார்கள்.
சுவரேறிப் பழகும் கூடமாகப் போகிறதாம்.
சாமான்கள் ஏலத்துக்கு வந்தன.
ஊரே வந்து அழுதது.
மணிக்காக அழுதார்கள், ஆர்கனுக்காக அழுதார்கள்.
"எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கல்யாணம்,"
என்று மதாம் லாப்ரெக் எண்ண ஆரம்பித்தாள்.
எண்ணிக்கை கல்யாணத்தோடு நின்றது.

ஏல எண் நாற்பத்தொன்று:
திருப்பண்ட அறைக் கதவு. ஓக் மரம். பூட்டோடு.
ஜெர்வே கையைத் தூக்கினான்,
அறுபத்து மூன்று வயதில்,
விடை தெரிந்த மாணவனைப்போல.
போட்டிக்கு ஒருவரும் இல்லை.
நாற்பது டாலர்.

எரிப்பான் என்று நினைத்தேன்.
பனிவண்டியில் கட்டி
உறைந்த ஆற்றின் நடுவுக்கு இழுத்துப்போனான்.
மீன்பிடிக் குடிசைகளையும் தாண்டி
பனியில் துளையிட்டு, முட்டுக்கட்டை நட்டு,
தண்ணீர் ஊற்றி உறையவிட்டு
நிமிர்த்தி வைத்தான்.
சுவரில்லை, கூரையில்லை.
பூட்டிய கதவு மட்டும்.

ஆற்றோர வீடுகளில்
சமையலறை ஜன்னல்கள் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கும்.
மார்ச் முழுக்க
பாத்திரம் கழுவிய எல்லாரும் பார்த்தார்கள்.
மருந்துக்கடையில் குளிரைப் பற்றிப் பேசினார்கள்.
பனி உடையும் நாளுக்கு வழக்கம்போல் பந்தயம் கட்டினார்கள்.
நாலைந்து வீட்டில் புதிதாகத் திரைச்சீலை முளைத்தது.

நான் தினமும் காப்பி கொண்டுபோவேன்.
கதவுக்கு முதுகைக் காட்டி
தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பான்.
ஐம்பத்து நாலு வருஷத்தில்
நானும் அவனிடம் ஒன்றும் கேட்டதில்லை.
அங்கே போயும்
"மீன் கடிக்குதா?" என்றுதான் கேட்டேன்.

ஏப்ரலில், பனி அடியில் முனக ஆரம்பித்த பிறகு,
கரையிலிருந்து ஒருவர் நடந்து வந்தார்.
ரேஜான். ஆலையில் அப்பாவிடம் வேலை பழகியவர்.
கதவைப் பார்த்து நின்றார்.
பேழை, கிண்ணம், ஓஸ்தி என்று
ஒவ்வொன்றாகச் சொன்னார்,
யாரையும் திட்டாமல், மெதுவாக,
காணாமல் போன பொருள்களைப்
போலீஸிடம் சொல்வதுபோல.

பிறகு கதவுக்குப் பின்னால் போய்விட்டார்.
அவருடைய காலணிகள் மட்டும் அடியில் தெரிந்தன.
வெகுநேரம்.
அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது:
"எனக்குச் செவ்வாய்க்கிழமை."

ஜெர்வே தூண்டிலைச் சுற்றி எடுத்தான்.
வெறும் கொக்கி.
பிளாஸ்கின் மூடிதான் கோப்பை, ஒன்றுதான் இருந்தது.
அதை நிரப்பிக்கொண்டு
நான் கதவைச் சுற்றி நடந்தேன்.