இருபத்திரண்டு டிகிரி

வெளியே தோஹாவில் நாற்பத்தேழு.
உள்ளே இருபத்திரண்டு, வருடம் முழுக்க,
எலிகளுக்காக.
எனக்கு ஒரு ஸ்வெட்டர் கொடுத்திருக்கிறார்கள்.

நீல அட்டைக் கூண்டுகளில் குட்டையானவை.
மரபணுவில் எங்கோ ஓர் எழுத்து மாறிப் பிறந்தவை.
‘தட்டச்சுப் பிழை என்று வைத்துக்கொள்’
என்றார் டாக்டர் இஹ்லாஸ்.
என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரில் ஓரெழுத்துப் பிழை.
அதற்கு நான் மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன்.
இவற்றுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கூடுதல் ஆயுள்.

சும்மா இல்லை.
வளராது. குட்டி போடாது.
குளிர் கொஞ்சமும் தாங்காது.
இரண்டு பங்கு பஞ்சு வைப்பேன்,
அதற்குள் புதைந்து கிடக்கும்
பெருவிரல் அளவு நடுக்கம்.

வெள்ளை அட்டையில் சாதாரண எலிகள்.
தின்னும், கடித்துக்கொள்ளும்,
இரண்டேகால் வருடத்தில் முதுகு கூனி
ஒரு காலையில் விறைத்திருக்கும்.
தேதி எழுதுவேன், எடை எழுதுவேன்.
காரணம் எழுதும் கட்டம் டாக்டருக்கு.

அறுபத்தொன்றாம் கூண்டுக்காரி
என் முதல் ஒப்பந்தத்தில் பிறந்தவள்.
இரண்டாவதும் முடியப்போகிறது.
கம்பெனி கிளினிக்கில் ஒரு குழாய் ரத்தம் எடுத்துவிட்டு
நர்ஸ் கேட்டாள்: ‘வீட்டில் யாருக்காவது சர்க்கரை?’
அப்பாவுக்கு, என்றேன். நாற்பத்தொன்பதில் போனார்.
அவள் அதை எழுதிக்கொண்டாள்,
எழுத்துப் பிழை இல்லாமல்.

ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை சில்லர் நின்றது.
இருபத்தாறு. முப்பது. முப்பத்துநாலு.
அலாரம் கத்துகிறது.
சனாயாவிலிருந்து மெக்கானிக் வர வேண்டும்,
ஜும்மா நேரம், யாரும் போனை எடுக்கவில்லை.
சாதாரண எலிகள் நாலு காலும் பரப்பி
வயிறு தரையில் ஒட்டக் கிடந்தன.
ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு
தண்ணீர்ப் புட்டிகளோடு ஓடினேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
நீல அட்டைகள் அத்தனையும் பஞ்சை விட்டு வெளியே.
அறுபத்தொன்று கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாள்.
மீசையை ஆட்டினாள்.
சக்கரத்தில் ஏறினாள்.
அந்தச் சக்கரத்துக்கு ஒரு கிறீச்சொலி உண்டென்று
அன்றுதான் எனக்குத் தெரியும்.

நாற்பது நிமிடம்.
பிறகு குளிர் வந்தது.
அறிக்கையில் எழுதினேன்: இறப்பு இல்லை.

ஞாயிறன்று டாக்டரிடம் சொன்னேன்,
பஞ்சு போதவில்லை என்று.
அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்.
அன்றிலிருந்து அறுபத்தொன்றுக்கு மட்டும் மூன்று பங்கு.
ஆராய்ச்சி இதனால் கெடுமா, தெரியாது.
எடை இன்று காலை:
பதின்மூன்று கிராம்.