எஞ்சிய அதிகாரம்

பள்ளத்தூரில் இந்த வீட்டுக்குப்
பதினேழு பங்காளிகள்.
பதினேழு சாவியும் ஒரே ஆணியில் தொங்குகின்றன,
என் கணவர் அடைக்கலத்தின் பொறுப்பில்.
பின்கட்டில் நாங்கள். வாடகை கிடையாது.
சம்பளமும் கிடையாது என்றே சொல்லலாம்.

இரவு பத்தரைக்கு மேல் கூட்டாட்சி படிக்கிறேன்.
மத்தியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல்.
மனப்பாடம் செய்யத் தேவையில்லை:
அறை அவரவருக்கு,
வளவு எல்லாருக்கும்,
ஒழுகும் ஓடு யாருக்கும் இல்லை.

புரட்டாசியில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்,
வளவை நான்கு நாள் வாடகைக்குக் கேட்டு.
பதினைந்து பேர் சரி என்றார்கள்.
ஈப்போவில் இருப்பவர், பார்க்கலாம் என்றார்.
ஒருவர் போனை எடுக்கவேயில்லை.
வேன் திரும்பிப் போனது.
வீட்டோ என்றால் என்னவென்று
மறுநாள் இரண்டாமாண்டு வகுப்பில்
புத்தகம் திறக்காமல் நடத்தினேன்.

நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவத்துக்கு மணிக்கணக்கில் கூலி.
மே மாதம் நான் யாருமில்லை.
சம வேலைக்குச் சம ஊதியம்,
பிரிவு முப்பத்தொன்பது, உட்பிரிவு ஈ.
அதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாது
என்பதையும் சேர்த்தே சொல்லித்தருகிறேன்,
கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு.

இது ஆறாவது முறை.
நான்காவதில் ஒரு விழுக்காட்டில் போனது.
ஐந்தாவது எழுதிய மறுநாள்
தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள்.
செய்தியைப் பார்த்து அடைக்கலம் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
கொஞ்ச நேரத்தில் அவர் நிறுத்திவிட்டார்.

கேள்விகள் ஆங்கிலத்தில் வரும்,
இல்லாவிட்டால் இந்தியில்.
நான் தமிழில் படித்தவள்.
சாவரின்டி என்று பார்த்ததும்
இறைமை என்று உள்ளே ஒலிக்கும்.
அந்தச் சொல்லுக்குள் அரசன் இருக்கிறான்,
சாமி இருக்கிறது, வரி இருக்கிறது,
கிணற்றடியில் குனிந்து
தண்ணீர் இறைக்கிறவளும் இருக்கிறாள்.
ஆங்கிலச் சொல்லில் அவளுக்கு இடமில்லை.
அவளை இறக்கிவிட்டுத்தான்
நான்கில் ஒன்றைத் தேட வேண்டும்.
ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நொடி
அதிலேயே போய்விடுகிறது.

மகள் பூங்குயிலி கேள்வி கேட்பாள்,
வாயில் நுழையாத பெயர்களைக் கடித்துத் துப்பியபடி.
'அம்மா, நாலுமே சரின்னு போட்டா என்ன?'
போடலாம்.
தவறுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள்.
இந்தத் தேர்வில் எனக்குப் பிடித்த
ஒரே விதி அது.

கூற்று: ஐப்பசி மழையில் வளவு ஒழுகுகிறது.
காரணம்: வீட்டுக்குப் பதினேழு சொந்தக்காரர்கள்.
இரண்டும் சரி.
காரணம் கூற்றை விளக்குகிறதா என்பதில்தான்
எப்போதும் கோட்டை விடுகிறேன்.

ஓடு மாற்றும் செலவை அடைக்கலம்
பதினேழால் வகுத்து அனுப்பினார்.
பதினொரு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள்.
பணம் அனுப்பியவர் ஒருவர்.
அவருடைய அறை ஒழுகுவதில்லை.
நான் சோற்றுக் குண்டானை
ஒழுக்குக்கு நேரே வைத்துவிட்டு
குறிப்பு நோட்டை மடிக்கு மாற்றிக்கொண்டேன்.
சொட்டு விழும் இடைவெளியில்
ஒரு வரி படிக்க முடிந்தது.

மழை மார்கழியிலும் விடவில்லை.
மதுரைக்கு முதல் பஸ்.
வாசலில் மெட்டியைக் கழற்றச் சொன்னார்கள்.
பதினொரு வருஷத்து மெட்டி, வர மறுத்தது.
குழாயடியில் சோப்பு போட்டு இழுத்தேன்.
கூட வந்த அடைக்கலம் அதைச் சட்டைப்பையில் போட்டு
ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்,
பதினெட்டாவது சாவி போல.
ஒரு விரல் மட்டும் வெளுத்த காலோடு
உள்ளே போனேன்.

இரண்டாம் தாளில் அறுபத்திரண்டாவது கேள்வி.
எந்தப் பட்டியலிலும் இல்லாதவை,
எஞ்சிய அதிகாரம்,
யாரிடம்?

நாடாளுமன்றம்.
தெரியும்.
அழுத்தினேன்.

அப்போதுதான் உறைத்தது:
விடிகாலையில் குண்டானைக் கவிழ்த்து ஊற்றினேன்,
திரும்ப அதே இடத்தில் வைத்தேனா?

திரையில் இன்னும் முப்பத்தெட்டு.