பன்னிரண்டு பெயருக்குக் கீழே

மவுண்ட் கேம்பியரில் ஏரி நீலமாவது நவம்பரில்.
லீக் நடப்பது ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை.
ஆட வந்த வெளியூர்க்காரிகள் அந்த நீலத்தைக் கண்டது
தபால் அட்டையில்தான்.

பகலில் எனக்கு மர ஆலையில் சம்பளக் கணக்கு.
சனி இரவு ஸ்கோர் மேசை; அதுவும் கணக்குதான்.
முதல் கால்பகுதிக்கும் மூன்றாவதற்கும் சிவப்புப் பேனா,
மற்ற இரண்டுக்கும் நீலம்.
ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு பொட்டு. இரண்டுக்குச் சாய்கோடு.
மூன்றுக்கு, எறிந்தவளின் எண்ணைச் சுற்றி வட்டம்.

ப்ரோன்வின் ஹாட்ஜை நான் வட்டங்களாகத்தான் அறிவேன்.
பதினான்கு, பதினான்கு, மறுபடி பதினான்கு,
தாள் முழுக்கக் கோலிக்குண்டு சிதறியதுபோல.
போலந்தில் மூன்று குளிர்காலம் சம்பளத்துக்கு ஆடியவள்.
கடைசி நான்கு மாதம் பணமே வரவில்லையென்று
திரும்பி வந்தபோது சொன்னாள், சிரித்துக்கொண்டே.
ஒருமுறை வியர்வை சொட்ட மேசைக்கு வந்தாள்:
"அந்த ஃபவுல் என்னுடையது. டீகன் பேரில் எழுதாதே."
டீகனுக்கு அது ஐந்தாவது; வெளியேற வேண்டும்.
நடுவர் விரலில் காட்டியதைத்தான் எழுத முடியும் என்றேன்.
ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

முட்டி இரண்டு முறை போனது.
இரண்டாம் முறை சத்தம் மேசைவரை கேட்டது,
முருங்கைக் கிளை முறிவதுபோல.
அடுத்த ஆண்டு பட்டியலில் பெயர், பெஞ்சில் ஆள்.
ஆடாதவள் பெயருக்கு நேரே
ஆட்டம் முடிந்ததும் ஸ்கேல் வைத்துக் கோடிழுப்பது விதி.
ஏழு சனிக்கிழமை இழுத்தேன்.

பிறகு அவளையே பயிற்சியாளர் ஆக்கினார்கள்.
அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை,
ஊருக்கே தெரியும்.

படிவத்தில் பயிற்சியாளருக்கு
பன்னிரண்டு பெயருக்கும் கீழே ஒரு வரி.
பெயர், கையெழுத்து, தவறுக்கு மூன்று கட்டம்.
எத்தனை ஆட்டம் வென்றாலும் அதில் ஒரு புள்ளி ஏறாது.
பத்து நிமிடம் முன்பே வந்து
களமிறங்கும் ஐவருக்கு எதிரே பெருக்கல் குறி போட வேண்டும்.
பேனாவை வாங்கியவள் கை, பழக்கத்தில், பதினான்கைத் தேடியது.
அந்த எண்ணை யாருக்கும் கொடுக்கவில்லை;
பதிமூன்றிலிருந்து பதினைந்துக்குத் தாவியது பட்டியல்.
"சரி," என்றாள், யாரிடமோ.

அன்றே, சிவப்புப் பேனா மாறும் முன்னே,
முதல் கட்டம் நிரம்பியது.
நடுவரிடம் அவள் சொன்னதை எழுத அதில் இடம் போதாது.
தோற்றார்கள். அடுத்ததும் தோற்றார்கள்.
அடிலெய்டுக்கு ஐந்து மணி நேரம் போய்
இருபத்தொன்பது புள்ளியில் தோற்றுத் திரும்புகையில்,
கீத் ஊர்ப் பெட்ரோல் பங்கில் ஆறிப்போன பையைக் கடித்தபடி
லேப்டாப்பில் அதே தோல்வியை
வேகம் குறைத்து ஓடவிட்டாளாம். டீகன் சொன்னாள்.

ஆகஸ்ட், கடைசி ஆட்டம். வென்றால் ப்ளே-ஆஃப்.
டீகனுக்கு எதிரே பெருக்கல் குறி இல்லை.
இரண்டாம் கால்பகுதியில் மேல்சட்டையைக் கழற்றி மடித்து
தொடைமேல் வைத்துக்கொண்டாள்.
நான்காவதில் திரும்ப மாட்டிக்கொண்டாள்.
ப்ரோன்வின் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

இரண்டு புள்ளியில் வென்றார்கள்.
ஊரே ஆடுதளத்தில் இறங்கிவிட்டது.
நான் ஸ்கேலை எடுத்தேன்.
கூட்டத்தைப் பிளந்து மேசைக்கு வந்தாள் ப்ரோன்வின்.
எதையோ மாற்றச் சொல்லப் போகிறாள், பழையபடி, என்று நினைத்தேன்.
"இப்படிக் கொடு," என்று பேனாவை மட்டும் வாங்கினாள்,
டீகன் பெயர்மீது அவளே இழுத்தாள்.
கோடு கோணல். விதிப்படி அது என் வேலை.
சங்கத்துக்குப் போன பிரதியில் அப்படியேதான் இருக்கிறது.

நான் விளக்கணைத்து வெளியே வந்தபோது
வாகன நிறுத்தத்தில் ஒரே ஒரு வண்டி, ஹீட்டர் ஓட, கண்ணாடி வேர்க்க.
முட்டி போனதிலிருந்து ப்ரோன்வினை
வீட்டில் கொண்டுவிடுவது டீகன்தான்.
ஓட்டுநர் இருக்கையில் அவள் இருந்தாள்.
பக்கத்துக் கதவு இன்னும் திறக்கவில்லை.