இருந்த இடம்

நவம்பர்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
மூன்றாம் நாளாக ஓல்ட்டனை விட்டு அசையவில்லை.
புதுச் சோபாவின் விலையை இரண்டு தரம் பார்த்தேன்.
விளம்பரத் தாளை நாலாக மடித்து
ஆட்டங்காணும் மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன்.
மேசை நின்றது.
அதிலிருந்துதான் எல்லாம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆணி அடிக்கக் கூடாது.
வெறும் போத்தலைத் தொட்டியில் போடக் கூடாது.
கதிரை ஒன்று இழுபட்டாலும்
கீழ்வீட்டுத் திருமதி ஏஷ்பாக்கர்
தும்புத்தடியால் தன் கூரையில் மூன்று தட்டுத் தட்டுவா.
பதின்மூன்று வருசத்தில்
எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் அதுதான்.

ஆகவே குகநேசனின் கம்பளிக் காலுறைகளை எடுத்து
சோபாவின் நாலு காலுக்கும் மாட்டினேன்.
பூனையாக மாறிய யானைக்குட்டி
கூடத்தைக் கடந்தது.
அலுமாரி மட்டும் பிடிவாதம்.
"அரக்கு, அரக்கு" என்று
எனக்கே கேளாமல் எனக்குச் சொல்லிக்கொண்டு
தோளால் முட்டினேன்.
ஒரு சாண். மூச்சு. இன்னொரு சாண்.

பின்னால் கிடந்தது ஆரபியின் பாற்பல்,
கடதாசியில் சுற்றியபடி.
ஒரு மஞ்சாடி விதை.
வரிக் கந்தோரின் நினைவூட்டல்: கட்டினோமா, தெரியாது.
ஒருவர் மேல் ஒருவர் சந்தேகப்பட்டு
இரண்டு நாள் பேசாதிருந்தோமே,
அந்த ஐம்பது பிராங்.

அலுமாரி நின்ற சுவர் வெள்ளை வெளேர்.
மற்றச் சுவர்கள் எப்போது மஞ்சளாயின?
தாளிப்பு, சாம்பிராணி, மூன்று பேரின் மூச்சு.
ஒருவரும் சம்பளம் தராத வேலை,
ஒரு நாளும் லீவு எடுக்காமல் செய்திருக்கிறோம்.
வெள்ளையில் படம் கொழுவ ஆணி வேண்டும்,
ஆணிக்குத் திங்கட்கிழமை வேண்டும்.
நிலைக்கண்ணாடியைச் சும்மா சாத்தி வைத்தேன்.
யன்னலில் நின்ற பனி
வீட்டுக்குள் இன்னொரு தரம் வந்தது.

நாலு மணிக்கு
இரவு வேலைக்காரன் எழும்பி வந்தான்.
கண் திறக்கவில்லை; பழக்கம் நடந்து வந்தது.
சோபா இருந்த இடத்தில் இருந்தான்.
சோபா இருக்கவில்லை.

விழுந்த சத்தத்தில்
அலுமாரிக் கோப்பைகள் கொஞ்ச நேரம் கதைத்தன.
மூவரும் தரையைப் பார்த்தோம், மூன்று தட்டுக்காக.
ஒன்றும் வரவில்லை.
இன்னும் பார்த்தோம்.
அழைப்பு மணி அடித்தது.

திருமதி ஏஷ்பாக்கர். வீட்டுச் செருப்பு.
கையில் தும்புத்தடி இல்லை.
"யாராவது போய்விட்டீர்களா?" என்று கேட்டா.
எனக்கு விளங்கவில்லை.
"பிள்ளை ஓடினால்
யன்னலில் இருந்து குசினிக்குப் பதினொரு அடி.
இன்றைக்கு ஏழில் நின்றுவிட்டது.
பிறகு சத்தமே இல்லை.
பிறகு ஒரு ஆள் விழுந்த மாதிரி."
குகநேசன் இடுப்பைத் தடவிக்கொண்டு
ஆள் தான்தான் என்று கை உயர்த்தினான்.

தேத்தண்ணி ஊற்றினேன்.
புது இடத்துப் பழைய சோபாவில்
நுனியில் இருந்தா, பிறகு நன்றாகச் சாய்ந்து இருந்தா.
செருப்பு முனையால் தரையைக் காட்டி,
"இதற்கு நேர் கீழே என் கட்டில்.
இருபத்தாறு வருசமாகச் சுவரைப் பார்த்து.
யன்னல் பக்கம் போட்டிருக்கலாம்.
ஏன் போடவில்லை?"
எங்களைக் கேட்கவில்லை. கோப்பையைக் கேட்டா.
போகும்போது
கண்ணாடியில் தன் தலைமயிரை ஒருக்கால் சரிசெய்தா.

சோபாவின் பழைய பள்ளங்கள்
மரத்தரையில் நாலு.
ஆரபி ஒன்றில் மஞ்சாடி விதையை வைத்தாள்.
உருளவில்லை.

இரவு ஒன்பதரை. இன்னும் ஞாயிறு.
கீழே நீளமாக ஓர் இழுவை.
நின்றது.
மறுபடி, பல்லைக் கூசவைக்கும்படி,
சட்டம் தெரிந்த ஒரு வீட்டிலிருந்து.
எங்கோ முட்டிக்கொண்டு
அரைவாசியில் நிற்கிறது கட்டில்.

குகநேசன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான்.
வேலைக்குப் போட வைத்திருந்த காலுறையைக் கழற்றினான்.
லாச்சியில் மிஞ்சிய இன்னொரு சோடியையும் எடுத்துக்கொண்டு
வெறுங்காலோடு
படி இறங்கினான்.