நாலு விசில் நேரம்

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் தொடங்கினேன்.
நாளைக்கு ஓர் இடம்.
பருப்பு நாலு விசில் போடுவதற்குள்
கை எட்டுகிற அளவு மட்டும்.
ஐந்தாவது விசிலுக்குப் பேராசை என்று பெயர்.

சித்திரை பிறந்துவிட்டால்
இந்தப் பரணில் தலை நுழைக்க முடியாது.
காரைக்குடி வெயில்
தளத்தைத் துளைத்து இறங்கி
முதலில் உட்காருமிடம் அதுதான்.

முதல் நாள் மருந்து டப்பா.
ஆறு வருடத்துக்கு முந்தைய என் காய்ச்சல்
இரண்டு மாத்திரை மிச்சம் வைத்திருந்தது.
அடுத்து ஃப்ரிட்ஜின் தலை.
வெள்ளிக்கிழமை
வீட்டிலிருந்து எதையும் வெளியே அனுப்பக் கூடாது
என்று சொல்லிக்கொண்டு
படுத்துவிட்டேன்.
சனிக்கிழமை, கவருக்குள் கவருக்குள் கவர்.

கல்யாணப் பத்திரிகைகள் ஒரு பை நிறைய.
மூலையில் மஞ்சள் தடவிய காகிதத்தை
எப்படிக் குப்பையில் போட?
ஒவ்வொன்றிலும் பிள்ளையாரைக் கத்தரித்து எடுத்தேன்.
இப்போது என்னிடம்
ஒரு டப்பா நிறையப் பிள்ளையார்.

வாசலில் வைத்த பழைய சார்ஜர்களை
இவர் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார்.
எதற்காவது ஆகுமாம்.
எதற்கென்று
இவருக்கும் தெரியாது, சார்ஜருக்கும் தெரியாது.

பதினொன்றாம் நாள் பரண்.
தாம்பாளங்களுக்குப் பின்னால் ஒரு தூக்குவாளி.
திருப்பிப் பார்த்தேன்.
புள்ளி புள்ளியாய் வெட்டிய எழுத்து:
சுப. உண்ணாமலை.

சுவர் ஒட்டிய வீடு.
ஒன்பது வருடமாக அவள் கோலம்
என் வாசல் பக்கம் ஓர் இழைகூட நீண்டதில்லை.
மோட்டார் தண்ணீரில் வந்த பேச்சு.
யார் முதலில் குரலை உயர்த்தினோம் என்பது
எந்த டப்பாவிலும் கிடைக்காது.
கடைசியாக இந்தத் தூக்கில்தான்
கும்மாயம் கொடுத்தனுப்பினாள்.

ஆறு விசில் ஆகிவிட்டது.
பருப்பு குழைந்துபோயிற்று.

வெறும் பாத்திரமாகவா திருப்பித் தருவது?
உப்பைக் கைமாற்றினால் சண்டை வரும். அது ஏற்கெனவே வந்தது.
கொட்டை எடுத்த புதுப் புளி இருந்தது.
ஒன்பது வருடம் கழித்துப் புளிப்போடா போவது?
மிளகாய் டப்பா பக்கம் போகவேயில்லை.
மூன்று நாள் அது சமையல் மேடையில் உட்கார்ந்து
நான் கடக்கும்போதெல்லாம்
மூக்கு நீண்ட என் முகத்தைக் காட்டியது.

கடைசியில் சீனி.
முக்கால் அளவு.
தளும்பக் கொண்டுபோனால்
கெஞ்சுவதுபோல் இருக்கும்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை,
தூக்கைத்தான் பார்த்தாள்.
வெகுநேரம்.
"இதுவா உங்க வீட்டுல இருந்துச்சு?
இதக் காணோம்னுதானே
வெள்ளைத்தாய வேலைய விட்டு நிப்பாட்டினேன்."

உள்ளே போய்
என் பெயர் வெட்டிய டம்ளர் நாலும்
எனக்கே மறந்துபோன ஒரு ஜல்லிக்கரண்டியும்
எடுத்து வந்தாள்.
வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?
குறைத்த பாரத்தில் பாதி
அன்றே வீடு திரும்பியது.

மறுநாள் காலை,
வெயில் ஏறுமுன்,
என் ஸ்கூட்டியின் பின்னால் உண்ணாமலை.
அவள் மடியில் தூக்கு.
கழனிவாசல் போகும்வரை
இருவரும் எதையும் பேசவில்லை.

வெள்ளைத்தாய் இட்லிக்கடை போட்டிருந்தாள்.
எங்களைப் பார்த்ததும்
"எத்தன இட்லி?" என்றாள்.
உண்ணாமலை சொல்ல வந்ததை
ஆவி மறைத்தது.
தூக்கை நீட்டினாள்.
மூடி திறந்து பார்த்து, மூடித் தந்தாள் வெள்ளைத்தாய்.
"எனக்குச் சக்கரை. சீனி தொடக் கூடாது."
பிறகு அடுத்த ஆளுக்குச் சட்னி ஊற்றப் போனாள்.

எட்டு இட்லி வாங்கிக்கொண்டோம்.
சில்லறையை எண்ணிச் சரியாகக் கொடுத்தாள்.

தூக்கு இப்போது நடுச்சுவர்மேல் இருக்கிறது.
இரண்டு வீட்டிலும் அதற்கு இடமில்லை.
மூடியின் இடுக்கில்
எறும்புகள் இரு பக்கமிருந்தும் ஏறுகின்றன.

பரண் காலிதான்.
நாளைக்குச் செருப்பு அலமாரி.