புறங்கூறும் பலகைகள்

பேர்ன் நகரப் பல்கலைக்கழகத்தின் நிலவறையில்
பதினெட்டு டிகிரிக்கு மேல் ஏறாத ஓர் அறை.
அங்கே எனக்குச் சோறு போடுவது
இறந்துபோன ஒரு பெண்ணின் கையெழுத்து.

ஹெட்விக் அம்ஷ்டுட்ஸ், கலை வரலாற்றாளர்.
பதினோராயிரத்து நானூறு அட்டைகள்.
ஒவ்வொன்றாய் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்க்கிறேன்.
நாளொன்றுக்கு முந்நூறு என்று ஒப்பந்தம்.
வாசிக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

புர்க்டோர்ஃப் ஊர்ச் சீஸ் வியாபாரியின் மூன்றாவது மகள்.
அப்பா சின்னச் சுத்தியலால் தட்டிவிட்டு
உள்ளே எத்தனை ஓட்டை என்று சொல்வாராம்.
மகள் விரல்முட்டியால் பலகையைத் தட்டுவார்:
இது ஓக், இது லிண்டன்,
இது புழு தின்று மிச்சம் வைத்தது.

இருபத்தைந்து வயதில்
பெயர் தெரியாத ஓர் ஓவியனுக்குப் பெயர் வைத்தார்.
வெட்டுக்கிளி ஓவியன்.
சிலுவையடியில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது
புல்லுக்குள் ஒரு பூச்சியை
ஒளித்து வைக்கத் தோன்றியிருக்கிறது அவனுக்கு.
கண்டுபிடித்த அன்று அட்டையில்
மூன்று ஆச்சரியக்குறிகள்.
பிறகு எந்த அட்டையிலும் அப்படி இல்லை.

பேராசிரியர் நாற்காலி மூன்று முறை காலியானது.
மூன்று முறையும் அவரிடம் படித்த பையன்கள் உட்கார்ந்தார்கள்.
நாட்டின் வாக்குச்சீட்டு அவர் கைக்கு வந்தபோது
தலை முழுக்க நரைத்திருந்தது.
இதையெல்லாம் அவர் எழுதி வைக்கவில்லை,
நான் கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்துநாலு வரை
அட்டைப்பெட்டிகள் கொழுக்கின்றன.
எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து
ஆளில்லாமல் ரயிலேறி வந்த படங்கள்.
லூசெர்ன் வியாபாரிகள் அவரைக் காரில் அழைத்துப் போனார்கள்.
'நிறம்: நன்று. விரிசல்: சிறிது.
வெட்டுக்கிளி: இடது மூலையில்.
சான்று கொடுத்தேன். நாற்பது ஃபிராங்க்.'
நாற்பது ஃபிராங்க். நாற்பது ஃபிராங்க்.
ஒரு மதியம் முழுக்க இதையே கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்துமூன்று, மார்ச்.
பழுதுபார்க்க வந்த பலகை
கம்பளி விரித்த மேசைமேல்
முகங்குப்புறக் கிடக்கிறது.
முதுகில் பாதி சுரண்டிய காகிதம்:
மான்ஹைம், ஒரு தெருவின் பெயர்,
'வரவேற்பறை, பியானோவுக்கு மேலே'.
சான்றில் கையெழுத்து அவருடையதுதான்.

அன்றைய அட்டையில் ஒரே வரி.
'முன்பக்கம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.'

நம் மொழியில் புறங்கூறுவது குற்றம்.
பலகைகளுக்கோ
வேறு பேச்சு கிடையாது.
அதன்பின் முப்பது ஆண்டுகள்
அவர் முதுகுகளை மட்டுமே வாசித்தார்.
முத்திரை, சுண்ணக்கட்டி எண், கிழிந்த சுங்கச் சீட்டு,
ஆணி பிடுங்கிய துளை.
அவர் வருகிறார் என்றால்
படங்களைச் சுவரோடு திருகி வைத்தார்களாம்.
கொடுத்த சான்றுகளில் அறுபத்துமூன்றைத் திரும்பப் பெற்று
ஓர் ஆய்விதழுக்குப் பட்டியல் அனுப்பினார்.
சந்தா விவரங்களுக்குக் கீழே
பொடி எழுத்தில் போட்டார்கள்.

மான்ஹைம் வீட்டின் மகள் மான்செஸ்டரில் இருந்தாள்.
தேடிப் பிடிக்க ஒன்பது ஆண்டு, எழுபது கடிதம்.
பதில் ஒரு தபாலட்டை:
'அந்தப் படம் எனக்குப் பிடித்ததே இல்லை.
பியானோ எங்கே என்று தெரியுமா?'

இங்கே என் கை நின்றது.
மேற்பார்வையாளர் ரேபர் எட்டிப் பார்த்தார்,
இன்று நூற்றுப்பத்துதானா என்றார்.
ஆமாம் என்றேன்.

அடுத்த பெட்டி முழுக்கப் பியானோ.
ஏலக்கடைகள், பள்ளிக்கூடங்கள், ஓர் அதிகாரிகள் விடுதி,
சுதி சேர்ப்பவர் ஒருவரின் ஞாபகம்.
வாழ்நாளெல்லாம் கண்ணால் பிழைத்தவர்
அறுபத்தேழு வயதில்
பியானோவின் வரிசை எண் எங்கே பொறித்திருக்கும் என்று
கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார்.
கடைசி அட்டை: 'கிடைக்கவில்லை.'
அதற்குப் பின்னால் கோடு போட்ட வெற்று அட்டைகள்,
ஏறக்குறைய இருநூறு.

பின்பக்கத்துக்கு எனக்குக் கூலி இல்லை.
இருந்தாலும் அந்த ஒன்றைத் திருப்பினேன்.
பென்சிலில், அவசரமாக:
பால், மெழுகுவர்த்தி,
எலுமிச்சை இரண்டு.