ரிஜெக்ட் சீட்டின் பின்பக்கம்

ராணிப்பேட்டை சிப்காட், ஷூ கம்பெனி.
காலணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்
குற்றம் சொல்வது என் வேலை.
வீட்டிலும் அதையே செய்கிறேனாம்,
கணவர் சொல்கிறார்.
அதற்குச் சம்பளம் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவள் நிறைமதி.
வாலாஜாவிலிருந்து வரும் பஸ்ஸில்
ஜப்பான் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டே
இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கி
கத்திரி வெயிலில் திரும்பி ஓடி வருபவள்.
அதில் வருகிறவர்களும் நம்மைப்போல
ஆபீசுக்குத்தான் போகிறார்களாம்.
"கதை இன்னாடி?" என்றேன்.
"ஒண்ணுமில்லக்கா. பிரிண்டர் ரிப்பேர்."
"அப்புறம்?"
"அதான். பன்னெண்டு எபிசோடு."

எங்கள் மஞ்சள் சீட்டின் முன்பக்கம்
தையல் விலகல், பசைக் கறை, சாயம் சமமில்லை
என்று டிக் அடிக்கக் கட்டங்கள்.
பின்பக்கம் காலி.
அங்கேதான் எங்களை வரைந்தாள்.

ஜுபேதாவுக்கு முகத்தில் பாதி கண்.
மூக்கு, போனால் போகிறதென்று ஒரு புள்ளி.
கட்டிங் செக்‌ஷன் மகிமைதாஸ் அண்ணனுக்கு
இருக்கிற நாலு முடியும் புயலில் பறந்தன,
ஓர் இலைகூட அசையாத மே மாதத்தில்.
எனக்கு நெற்றியில்
கூட்டல் குறி மாதிரி ஒரு கோபம்.
"நான் எப்போடி கோபப்பட்டேன்?" என்று கத்தினேன்.
உடனே இன்னொன்று சேர்த்தாள்.

சூப்பர்வைசர் எத்திராஜ் சாருக்குத்
தலையைவிடப் பெரிய வேர்வைத் துளி,
கையில் இடதுகால் ஷூ.

அது நிஜமாகவே நடந்தது.
யோகஹாமாவுக்குப் போகவேண்டிய
இருபத்துநாலு ஜோடி சாம்பிளில்
ஒரு வலதுகாலைக் காணோம்.
லாரி வாசலில் ஹாரன் அடிக்கிறது.
கம்பெனியே குனிந்து தேடுகிறது.
வாட்ச்மேன் தன் செருப்பைக் கழற்றி
"இது ஆவுமா சார்?" என்கிறார்.
கடைசியில் கிடைத்தது,
எத்திராஜ் சார் மேஜையின்
குட்டைக் காலுக்கு அடியில்.
ஆடாமல் இருக்க
போன வெள்ளிக்கிழமை அவரே வைத்தது.
துடைத்துப் பெட்டியில் போட்டோம்.
வெளியே சொல்லிவிடாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது.
சார் எழுந்து நின்று வாசித்தார்:
"இருபத்துநாலு ஜோடியும் கிடைத்தன. நன்றி.
ஒரு பெட்டியில் ஒரு படமும் இருந்தது.
அந்த மனிதருக்கு
வலதுகால் ஷூ கிடைத்ததா?
எங்கள் ஆபீசில் ஆறு பேர் கேட்கிறார்கள்."

கம்ப்ரஸர்கூட அப்போது பார்த்துதான் நின்றது.
நிறைமதியின் கண்
அவள் வரைகிற அளவுக்கே வந்துவிட்டது.
இணைத்திருந்த படத்தைப் பெரிசாக்கி, சிறிசாக்கி,
மறுபடி பெரிசாக்கிப் பார்த்தார் சார்.
"இன்னாம்மா இது?
எனக்கு இவ்ளோவா வேர்க்குது?"
கர்ச்சீப்பைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

அடுத்த லோடில் இன்னொரு படம் போகவேண்டும்.
எந்தக் கணக்கில் எழுதுவது என்று
அக்கவுண்ட்ஸ் பர்ணபாஸுக்கு ஒருநாள் முழுக்கத் தகராறு.
கடைசியில் 'பேக்கிங் சாமான்' என்று முடிந்தது,
அட்டைக்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் நடுவில்.
சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.
எங்களுக்குக் கேட்கிற மாதிரியே கிசுகிசுத்தார்:
"கேன்டீன்ல கெடச்சிதுன்னு வரைம்மா.
மேஜை வாணாம்."

அவள் மேஜையைத்தான் வரைந்தாள்.
அடியில் ஷூ. மேலே டீ கிளாஸ்.
துளி இந்த முறை மேஜை அளவு.

படம் பரிசோதனைக்கு என்னிடம் வந்தது.
தையல் விலகல் இல்லை. பசைக் கறை இல்லை.
உள்ளதை உள்ளபடி வரைந்த குற்றத்துக்கு
சீட்டில் கட்டம் இல்லை.
பாஸ் பண்ணிவிட்டேன்.

எத்திராஜ் சார் மேஜை இப்போது ஆடுகிறது.
டீ தினமும் கொட்டுகிறது.
மகிமைதாஸ் அண்ணன் தோல் துண்டு ஒன்றை மடித்து
முட்டுக்கொடுக்கப் போனார்.
நிறைமதி விடவில்லை.
அடுத்த எபிசோடுக்கு வேண்டுமாம்.